பாங்கு ஓசையும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

(பொன்விழாவுக்கு முந்திய குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேச்சைத் தொடங்குமுன் ஒலிபெருக்கி வைத்திருக்கும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். கொஞ்சம் குறைத்து வையுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கேட்டால் போதும். பின்சந்துக்கு அப்பால் இருக்கும் அடுக்குமாடிக்காரர்கள் என் பேச்சுக்கு டிக்கெட் வாங்கவில்லை. நான் இன்று பேச வந்ததும் இதைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டு நாம் நடத்திய மீலாது விழா எல்லோருக்கும் நினைவிருக்கும். மண்டபம் கொள்ளாமல் பின்புறத் திடலில் கூடாரம் போட்டோம். மின்சாரம் பற்றாது என்று ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். சாப்பாடு அருமை. விழா முடிந்து இரண்டு வாரத்தில் ஊராட்சி மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சத்தத்தைப் பற்றிப் பொதுமக்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள், விளக்கம் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அன்றைய செயலவைக் கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், மண்டபமே கொதித்துப் போனது. “இன்றைக்கு மீலாதுக்கு வந்தவன் நாளைக்குப் பாங்குக்கு வருவான்” என்று ஒருவர் சொன்னார். “யார் எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும்” என்று இன்னொருவர் எழுந்தார். வாட்ஸ்அப்பில் அதற்குள் இனம், மதம் எல்லாம் வந்துவிட்டது. கூச்சல் அடங்கியதும் நான் ஒன்று கேட்டேன்: கடிதத்தை முழுதும் படித்தவர் யார்? யாரும் படிக்கவில்லை. மலாயில் ஒன்றரைப் பக்கம். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கைமாற்றிக் கொண்டிருந்தோம். நான் உரக்கப் படித்தேன். அதில் பாங்கு என்ற சொல்லே இல்லை. மௌலிது பற்றியும் இல்லை. இரவு பதினொன்றரை மணி வரை பாட்டும் ஜெனரேட்டர் உறுமலும் கேட்டதாக மட்டும் இருந்தது. நம் நிகழ்ச்சி பத்தே முக்காலுக்கு முடிந்தது. அதன் பிறகு ஒலிபெருக்கிக்காரர்கள் சாமானைக் கட்டும்போது சினிமாப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். நாமோ ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலத்தோடு வீடு போய்ச் சேர்ந்துவிட்டோம்.

“நீதான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவன், நீயே போய்ப் பார்” என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். புகார்க்காரர் பெயரைத் தேட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். மன்றமும் அதைச் சொல்லாது, சொல்லவும் கூடாது. பெயர் தெரிந்தால் நாம் அந்த ஆளைப் பார்ப்போம், சத்தத்தைப் பார்க்க மாட்டோம்.

ஒரு சனிக்கிழமை மாலை மச்சானை மண்டபத்தில் நிறுத்திவிட்டு, அதே ஒலிபெருக்கியை அதே கம்பத்தில் கட்டி, அன்று வைத்த அளவிலேயே பேச்சு ஒலிப்பதிவைப் போடச் சொன்னேன். நான் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் நான்காம் மாடித் தாழ்வாரத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்டது என்ன, நெஞ்சுக்குள் இறங்கியது. திடலில் உட்கார்ந்திருந்த நமக்கு உயரமான கம்பத்தில் இருந்த குழாய் தலைக்கு மேலே போய்விட்டது. அது நேராகப் பார்த்தது இந்தத் தாழ்வாரத்தைத்தான். கைத்தொலைபேசிச் செயலியில் 72 டெசிபல் காட்டியது. அந்தச் செயலி எந்த விசாரணையிலும் சாட்சி ஆகாது. நமக்கு நாமே உண்மை சொல்லிக்கொள்ள அது போதும்.

இந்த 72 என்றால் என்ன? சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-ஆம் ஆண்டு வந்தது. அதன் 23-ஆம் பிரிவு சத்தத்தைப் பற்றியது. அந்தச் சட்டத்தின்கீழ் இயங்கும் சுற்றுச்சூழல் துறை, எந்த வட்டாரத்தில் எவ்வளவு சத்தம் இருக்கலாம் என்று வழிகாட்டி நூல் போட்டிருக்கிறது. 2007-இல் வந்த இரண்டாம் பதிப்பில், வீடும் கடையும் கலந்த நெருக்கமான நகர்ப் பகுதிக்குப் பகலில் 60, இரவில் 50 என்று இருந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, வழிபாட்டு இடம் இருக்கும் அமைதிப் பகுதிக்கு 50, 40. வணிகப் பகுதிக்கு 65, 55. பகல் என்பது காலை 7 முதல் இரவு 10 வரை. 2019-இல் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டதால் நிகழ்ச்சி வைக்கிறவர்கள் தங்கள் இடத்துக்கு இப்போது என்ன எண் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் மனக்கணக்குப் போட்டது பழைய எண்ணில்தான். அதற்கே தலை சுற்றியது.

டெசிபல் கணக்கு வெள்ளி, காசுக் கணக்கு மாதிரி இல்லை. 60-க்கும் 50-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. பத்து டெசிபல் குறைய வேண்டுமானால் ஒலியின் சக்தி பத்தில் ஒரு பங்காக வேண்டும். இருபது குறைய நூற்றில் ஒரு பங்காக வேண்டும். பத்து மணிக்கு முன் 100 வாட்டில் ஓடிய பெட்டி, பத்து மணிக்குப் பின் 10 வாட்டுக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் குமிழை ஒரு விரல்கடை திருப்பிவிட்டு “குறைச்சாச்சு” என்கிறார்கள். காது அதை உணர்வதுகூட இல்லை.

இன்னொரு விஷயம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய ஆறு டெசிபல் குறையும். அதனால் ஒரு பெரிய குழாயைக் கம்பத்தில் கட்டிக் கடைசி வரிசை வரை அலறவிடுவதைவிட, நான்கு சின்னப் பெட்டிகளை ஆட்களுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் கூட்டத்தைப் பார்த்து வைத்தால் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும், பக்கத்து வீட்டுக்கும் பாதி போகாது. ஜெனரேட்டர் உறுமல் கனத்த சத்தம். சுவரைத் தாண்டி வரும், ஜன்னலைச் சாத்தினாலும் நிற்காது. அதைச் சந்துப் பக்கம் வைத்தது நம் தவறு.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். “நாம் அனுமதி வாங்கித்தானே செய்தோம்” என்று அன்று பலர் கேட்டார்கள். என்ன அனுமதி என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். திடலைப் பயன்படுத்த மன்றம் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தது. அதோடு சரி. திடலுக்குக் கொடுத்த கடிதம் சத்தத்துக்கான கடிதம் ஆகாது.

2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சமயக் கூட்டம், திருமண விருந்து, பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு, குடும்ப ஒன்றுகூடல், சங்கங்களின் பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குப் போலீசுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் பலர் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த விலக்கு முன்னறிவிப்புக்கு மட்டும்தான். சாலையில் கூடாரம் போடவோ, வாகனத்தைத் திருப்பிவிடவோ, பாட்டுக் கச்சேரி வைக்கவோ அது அனுமதி ஆகாது. சாலை என்றால் மன்றமும் போலீசும் இரண்டும் வேண்டும். பாட்டு, நாடகம், கலை நிகழ்ச்சி என்றால் கோலாலம்பூரில் 1992-ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டம், சிலாங்கூரில் 1995-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு விதம், கிள்ளானில் ஒரு விதம். ஒன்றுக்கு வாங்கிய தாளை மற்றதில் காட்ட முடியாது. சமயச் சொற்பொழிவுக்கு ஊரிலிருந்து ஆலிம் ஒருவரை அழைத்தால் சிலாங்கூரில் அவருக்குத் ‘தௌலியா’ வேண்டும். 2003-ஆம் ஆண்டு இஸ்லாமிய நிர்வாகச் சட்டத்தில் அது இல்லாமல் போதிப்பது குற்றம். மேடை, மாலை எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு முதல் நாள் ராத்திரி இதைக் கேட்டு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு தாளையும் வாங்கி வைத்தாலும், ஊராட்சிச் சட்டம் 1976 இருக்கிறது. அதில் ‘தொல்லை’ என்பதற்குச் சொல்லப்பட்ட பொருளில் கண்ணுக்கும் மூக்குக்கும் வரும் தொந்தரவோடு காதுக்கு வரும் தொந்தரவும் சேர்ந்தே இருக்கிறது. கையில் அனுமதி இருக்கிறவரும் தொல்லை கொடுக்க முடியும், அதற்குப் புகாரும் வர முடியும்.

நம்மில் பலருக்கு உறுத்துவது சட்டமல்ல என்று எனக்குத் தெரியும். பயம் பாங்கைப் பற்றியது. அதையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம்.

பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னபோது அவர்களிடம் இருந்தது குரல் மட்டும்தான். ஒலிபெருக்கி பள்ளிவாசலுக்கு வந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை. பக்கத்து ஊரான சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசலின் மினாராவில் 1936-இல் அதைப் பொருத்தினார்கள். அதே சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகள் பெருகி, 1974-இல் சத்தக் குறைப்பு இயக்கம் வந்தபோது, பள்ளிவாசல் குழாய்களை உட்பக்கம் திருப்ப வேண்டிவந்தது. பிறகு பாங்கு வானொலி வழியாக வீடுகளுக்குப் போனது. என் அத்தாவோடு சிங்கப்பூரில் கடை வைத்திருந்த பெரியவர்கள் அதைச் சொல்லி வருத்தப்படுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ‘பள்ளி பக்கத்தில்தான், பாங்கு பெட்டியில்தான்’ என்பார்கள். மலேசியாவில் நமக்கு அந்த நிலை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஐந்து வேளையும் வெளியே கேட்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால், பக்கத்தில் பூ கட்டுகிற அம்மா கையை ஒரு நிமிடம் நிறுத்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா முஸ்லிம் இல்லை.

அந்த மரியாதையை நாம் எதில் செலவழிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. பாங்கு சில நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் வெளிக் குழாயில் ஒரு மணி நேரப் பயான், நன்கொடை அறிவிப்பு, இருமல், ‘ஹலோ ஹலோ’ எல்லாம் போனால், கேட்கிறவருக்கு எது பாங்கு, எது மற்றது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ‘பள்ளிவாசல் சத்தம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார். இதைச் சொல்வது நான் மட்டுமல்ல. பெர்லிஸ் முஃப்தி டாக்டர் அஸ்ரி சைனுல் ஆபிதீன் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். சிலாங்கூரிலும் சொற்பொழிவை வெளி ஒலிபெருக்கியில் விடக் கூடாது என்று சமய அதிகாரிகளே அறிவுறுத்தியிருக்கிறார்கள். சவூதி அரேபியாவில் 2021-ஆம் ஆண்டு வெளி ஒலிபெருக்கியைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டும் என்று ஆக்கி, அளவையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். இந்தோனேசியாவின் சமய அமைச்சு 1978-லேயே விதி போட்டது, 2022-இல் அதைத் திருத்தி 100 டெசிபல் உச்ச அளவு என்று வைத்தது. இவர்கள் எல்லாம் பாங்குக்கு எதிரிகளா?

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது, சிலர் சத்தமாக ஓதுவது கேட்டது. திரையை விலக்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இறைவனோடு அந்தரங்கமாகப் பேசுகிறீர்கள், ஒருவர் மற்றவருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்ற பொருளில் சொன்னார்கள். ஓதியது குர்ஆன். ஓதிய இடம் பள்ளிவாசல். கேட்டவர்களும் முஸ்லிம்கள். அங்கேயே அப்படி என்றால், வேலை முடிந்து வந்து தூங்குகிற வேற்று மதத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு?

தமிழ்நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு, அது நம் சமயத்தாரைப் பற்றியதல்ல. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் ஒரு கிறிஸ்தவ சபை ஒலிபெருக்கியோடு வழிபட்டது. குடியிருப்போர் சங்கம் புகார் கொடுத்தது. சபையார் சொன்ன பதில் நமக்குப் பழகினது: இது மதத்தின் மேல் உள்ள வெறுப்பு, உண்மையான சத்தம் சாலையில் போகிற வண்டிகளுடையது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட் 30-இல் தீர்ப்பு வந்தது. பிறர் அமைதியைக் கெடுத்துத் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். வழிபாட்டுக்குத் தடை போடவில்லை, அளவுக்குள் வைக்கச் சொன்னார்கள். அந்தச் சபையார் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தபோது, நம் செயலவைக் கூட்டத்தில் பேசிய வசனங்கள் எனக்கு அப்படியே கேட்டன.

மற்றவரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட முடியாது. பிரிக்பீல்ட்ஸில் நமக்கு ஒரு சின்னக் கடை. 2010 அக்டோபர் 27-இல் நம் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்ததிலிருந்து பெருநாள், தீபாவளி என்றால் கூட்டம் அலைமோதும். பக்கத்துக் கடை ஒரு பெட்டி வைத்தால் நாம் இரண்டு வைப்போம். நானும் அஞ்சடியைப் பார்த்து வைத்திருந்தேன், காலையில் நஷீத், மாலையில் சினிமாப் பாட்டு. ஒரு நாள் நம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், கண் தெரியாதவர், வெள்ளைக் கோலோடு கடைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். “ஒண்ணும் வேணாம் பாய். பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா காடி வர்றது கேக்கமாட்டேங்குது” என்றார்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் எத்தனையோ பேர் அந்தத் தெருக்களில் நடந்து வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு வண்டியும் சந்தும் படியும் எல்லாம் காதில்தான். நான் இவ்வளவு நாளும் அவர்களுடைய கண்ணில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று பெட்டியைக் கடைக்குள் திருப்பினேன். வியாபாரம் குறையவில்லை. குறைந்திருந்தாலும் திருப்பித்தான் வைத்திருப்பேன் என்று சொல்ல ஆசை, அந்தச் சோதனை எனக்கு வரவில்லை.

நாமும் சில நேரம் புகார் கொடுக்கிற பக்கத்தில் இருப்போம். என் வீட்டுக்கு மேல்மாடியில் மூன்று வாரம் டிரில் ஓடியது, கைக்குழந்தை வீட்டில். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், பெண்களோடு போனால் பாதி விஷயம் அங்கேயே முடியும். முடியாவிட்டால் ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், எந்த அறையில் கேட்டது என்று எழுதுங்கள். ‘எப்போதும் சத்தம்’ என்று எழுதினால் எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘இந்த வாரம் நான்கு நாள், இரவு 11 முதல் 1 வரை’ என்றால் அவர் வந்து நிற்க ஒரு நேரம் கிடைக்கும். அடுக்குமாடிக்குள் என்றால் நிர்வாகக் குழு. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு விதிகள் உண்டு, தீர்ப்பாயமும் உண்டு. கடை, உணவகம், கட்டுமானம் என்றால் லைசென்ஸ் கொடுத்த மன்றம். தொழிற்சாலை என்றால் சுற்றுச்சூழல் துறை. நள்ளிரவில் தெருவில் கூத்து என்றால் பக்கத்துப் போலீஸ் நிலையம். புகார் எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த நோட்டில் யார் இனம், யார் மதம் என்று எழுத ஒரு கட்டமும் வேண்டாம்.

இனி நம் பொன்விழா. அந்தக் கடிதத்துக்கு நாம் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினோம், விஷயம் அதோடு முடிந்தது. செயலவை இந்த முறை ஒலிப் பொறுப்பை எனக்கும் இரண்டு தம்பிகளுக்கும் கொடுத்திருக்கிறது. நிகழ்ச்சி ஒன்பதே முக்காலுக்கு முடியும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியின் மின்சாரத்தை நானே பிடுங்குவேன், அமைச்சர் பேசிக்கொண்டிருந்தாலும். சாமான் கட்டும்போது பாட்டு இல்லை என்று வாடகைக்காரரிடம் தாளிலேயே எழுதி வாங்கியாயிற்று. ஜெனரேட்டர் பெரிய சாலைப் பக்கம் போகிறது. பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் கடிதம் கொடுக்கிறோம். நிகழ்ச்சி நேரமும் என் கைத்தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும், சாப்பாட்டுக்கு அழைப்பும் இருக்கும். ஒரு பெரியவர் என்னிடம், “ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற விழா, அதைக் குசுகுசுன்னு நடத்தச் சொல்றியா தம்பி?” என்று கேட்டார். அவருக்கு முன்வரிசையில் ஒரு பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

விழா நடக்கும்போது நான்காம் மாடித் தாழ்வாரத்தில் ஓர் ஆள் நின்று, எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விழாவைப் பார்க்க முடியாது, கேட்க மட்டும்தான் முடியும், அதுவும் நன்றாகக் கேட்டால் அவர் புகார் சொல்ல வேண்டும். பிரியாணி மேலேயே வந்துவிடும். ஒரு தம்பி பெயர் கொடுத்திருக்கிறார், மாற்றிக்கொள்ள இன்னொருவர் தேவை. விருப்பம் உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு உட்காருமுன் என்னைப் பாருங்கள்.